கிரெப்பர் என்று ஒருவர்

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மேசைகள் இருக்கின்றன. யன்னலோரம் இருப்பது என் மனைவியின் மேசை. சுவரைப் பார்த்தபடி இருப்பது என்னுடையது. கலியாணம் முடித்த புதிதில் யன்னல் எனக்குத்தான் வேண்டும் என்று சண்டை பிடித்துப் பார்த்தேன், தோற்றுப்போனேன். இருவருக்கும் ஒரே தொழில். எங்கேயோ கடல் கடந்து இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிகளை, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இந்த முன்னறையில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறோம். ஒன்றுக்கு ஏதாவது கோளாறு என்றால் எங்களுக்குச் செய்தி வரும். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, கட்டளைகளைத் தட்டிச் சரிசெய்வோம். அந்தத் திரையில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஒரு சின்னச் சொல்லைத் தட்டி என்ரர் விசையை அழுத்தினால் அது ஓடிப்போய் வேலையைச் செய்யும். ரெயில் போகும்போது மேசைகள் கொஞ்சம் நடுங்கும், அது ஒன்றுதான் இடைஞ்சல்.

அந்தச் சின்னச் சொற்களுக்குப் பெயர் வைத்தவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி எழும்பிய மனிதர்கள் வைத்த பெயர்களாகத் தெரியவில்லை. ஒரு கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமா, ஆங்கிலத்தில் பூனையைக் கூப்பிட வேண்டும். ஒரு கட்டளைக்கு விளக்கம் வேண்டுமா, மனிதனைக் கூப்பிட வேண்டும். நீளமான கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிற கருவி ஒன்றைச் செய்து, அதற்குக் 'கூட' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பிறகு அதைவிடத் திறமாக வேலை செய்கிற இன்னொன்றைச் செய்துவிட்டு, அதற்குக் 'குறைய' என்று பெயர் வைத்தார்கள். 'நைஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வேலையைப் பார்த்து, மற்றவர்களுக்கு வழிவிட்டு அடக்கமாகப் போ என்று சொல்வதற்கு அது. 'யெஸ்' என்று இன்னொன்று. நாங்களாகப் பார்த்து நிறுத்தும்வரை அது திரை நிறைய ஓம், ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு ஒரு வேலையும் அதற்குத் தெரியாது.

இதையெல்லாம் முதன்முதலில் படித்த நாள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில், ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகம் அது. எனக்கு அது முதல் வேலை. பக்கத்துக் கதிரையில் இருந்தவள், எனக்கு ஒரு வருடம் முன்னமே சேர்ந்தவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பேரைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கே உங்களுக்குச் சம்பளம் தருகினம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்கு அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. ஆனால் அவளுடைய தோள் இலேசாகக் குலுங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு வருடம் கழித்து, கலியாணம் செய்வோமா என்று நான் தட்டுத்தடுமாறிக் கேட்டபோது, "உந்த யெஸ் மாதிரி இருக்கிறதெண்டா யோசிக்கலாம்" என்றாள். நான் உடனே "ஓம்" என்றேன். "ஒருக்காச் சொன்னாக் காணாது. நான் நிப்பாட்டச் சொல்லுமட்டும் சொல்லவேணும்" என்றாள். இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.

கலியாணமாகி நான்கு வருடத்துக்குப் பிறகுதான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. பண்டத்தரிப்பிலிருந்து மாமி, அதாவது அவளுடைய அம்மா, ஒரு பையில் முருங்கையிலையும் இன்னொரு பையில் சட்டதிட்டங்களுமாக வந்து இறங்கினா. மூன்று மாதம் முடியும்வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. சட்டை, தொட்டில் ஒன்றும் முன்கூட்டியே வாங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெயர்.

"பேரைப் பற்றி இப்ப ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. பிறந்து, நட்சத்திரம் பார்த்து, முப்பத்தொண்டு நாள் கழிச்சுத்தான் பேர். அதுமட்டும் பிள்ளை பிள்ளைதான்."

மாமியோடு வாதாடுவது என் வேலையில்லை. ஆனால் எங்கள் தொழிலில் பெயரில்லாத ஒன்றைக் கூப்பிடவே முடியாது. நாங்கள் இருவரும் பழகிப்போன விதம் அது.

முதல் ஸ்கானுக்குப் போனோம். டொக்டர் அவளுடைய வயிற்றில் அந்தக் கருவியை வைத்து இங்கேயும் அங்கேயும் நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறப் புழுதிதான் தெரிந்தது. நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று "இந்தா" என்றார். புழுதிக்கு நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் நான் சொன்னேன். "அவ்வளவு குப்பைக்குள்ளையும் ஒரு வரியைத் தேடிப் பிடிச்சுத் தந்திட்டார் மனுசன். கிரெப் தோத்துப்போச்சு."

கிரெப் என்பது நாங்கள் அதிகமாகத் தட்டுகிற கட்டளை. மலைபோல் குவிந்த எழுத்துகளுக்குள் நாங்கள் கேட்ட சொல் எங்கே இருக்கிறதோ, அந்த வரியை மட்டும் பிடித்துவந்து காட்டும். வேலை பெரிது, பெயர் மட்டும் யாரோ அவசரமாக விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டதுபோல இருக்கும். அவள் ஓட்டோவுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப உவருக்குக் கிரெப் எண்டே வைப்பம். அது பேர் வைச்ச கணக்கில்லை, சும்மா கூப்பிடுறதுதானே."

வீடு வந்து சேர்வதற்குள் அது கிரெப்பர் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் பால்குடியைக்கூட அவர் இவர் என்றுதான் பகிடியாகச் சொல்வார்கள். ஆணோ பெண்ணோ தெரியாத ஒருவருக்கு அது வசதியாகவும் இருந்தது.

"கிரெப்போ? உதென்ன, சப்பாத்துக்கடைப் பேர் மாதிரி?" என்றா மாமி.

"தேடிக் கண்டுபிடிக்கிறவர், மாமி" என்றேன்.

மாமி முகத்தைச் சுழித்தா. மூன்றாம் நாள் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மாமியின் குரல் கேட்டது. "கிரெப்பருக்கு அகத்தியிலை பிடிக்கேல்லைப் போல, இவள் முழுக்கச் சத்தியெடுத்துப்போட்டாள்."

அந்த மாதங்களைப் போல நான் எப்போதும் சந்தோசமாக இருந்ததில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது ஆங்கிலத்தில் அந்த நாலு எழுத்தைத் தட்டவேண்டி வரும். விரல்கள் அதை ஒரே மூச்சில் தட்டும். பின்னால் இருந்தே நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துவிடுவேன். அவள் தட்டினால் "என்ன, கூப்பிட்டனீரே?" என்று கிரெப்பருக்காக நான் கேட்பேன். நான் தட்டினால் அவள் வயிற்றைக் குனிந்து பார்த்து, "அப்பா கூப்பிடுறார், போய் என்னெண்டு கேளும்" என்பாள். வேறு தொழில் செய்கிறவர்களுக்கு இந்தப் பிழை வந்திருக்காது. பிறக்காத பிள்ளைக்கு, நாள் முழுக்கத் தங்கள் கையாலேயே தட்டவேண்டிய ஒரு சொல்லை யாராவது பெயராக வைப்பார்களா? நாங்கள் வைத்தோம்.

ஐந்தாம் மாதம். வழக்கமான ஸ்கான் என்றுதான் போனோம். டொக்டர் கருவியை வைத்தார், நகர்த்தினார். இன்னொரு பக்கம் நகர்த்தினார். புள்ளிக்குப் பதிலாக இப்போது தலையும் காலும் தெளிவாகத் தெரிந்தன. நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் இன்னொரு டொக்டரைக் கூட்டிவந்தார். அவரும் பார்த்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தபோதுதான் எனக்கு விளங்கியது. இதயத்துடிப்பு நின்று சில நாட்கள் ஆகியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். யாருடைய பிழையும் இல்லை என்றும் சொன்னார்கள்.

இப்படிப் போன பிள்ளைக்கு எங்களிடத்தில் ஒரு சடங்கும் இல்லை. எட்டாம் நாள் இல்லை, முப்பத்தோராம் நாள் இல்லை, ஆண்டுத் திவசம் இல்லை. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், மழை பிந்தியதைப் பற்றிக் கதைத்தார்கள், "இன்னும் வயசு கிடக்குத்தானே" என்று எழும்பினார்கள். மாமி முதல் நாளே சொல்லிவிட்டா. "இனி அதைப் பற்றிக் கதைக்கப்படாது. கதைக்கக் கதைக்க மனம் ஆறாது." பண்டத்தரிப்புக்குத் திரும்பிப் போகாமல் எங்களோடேயே தங்கி, மூன்று நேரமும் சமைத்துப் போட்டா. கிரெப்பர் என்ற சொல் அந்த வீட்டில் இருந்து அப்படியே போய்விட்டது. நானும் வாய் திறக்கவில்லை. பகிடி விடாமல் ஒரு மணித்தியாலம் இருக்கத் தெரியாதவன் நான், ஒரு மாதம் ஊமையாக இருந்தேன். கோபம் மட்டும் கூடிப்போனது. வாசல் கேற் சரியாகப் பூட்டவில்லை என்று அதை உதைத்தேன், காலில் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

ஒரு மாதம் கழித்து அவள் மேசைக்குத் திரும்பினாள். முதல் மணித்தியாலத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. நாலு எழுத்தும் ஒரே மூச்சில், பிறகு இன்னும் ஏதோ சொல், பிறகு என்ரர். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். கிரெப்புக்கு ஒரு குணம் உண்டு. தேடியது கிடைக்காவிட்டால் இல்லை என்றுகூடச் சொல்லாது. பேசாமல் அடுத்த வரிக்குப் போய் நின்றுகொள்ளும். எனக்கு அந்த ஸ்கான் அறை ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பிறகு யன்னலோரத்தில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவள் கோப்புகளை முழுதாகத் திறந்து, ஆயிரக்கணக்கான வரிகளை மேலிருந்து கீழே கண்ணாலேயே பார்த்துத் தேடத் தொடங்கினாள். கல் பொறுக்கி அரிசி புடைப்பதுபோல. பத்து நிமிட வேலை அரை நாளாகியது. எங்கள் மேலாளர் முதலில் சுகம் விசாரித்தார், பிறகு காரணம் விசாரித்தார். பிறகு ஒரு நாள், இப்படியே போனால் கணினிகளை அவளுடைய பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, வருகிற கடிதங்களைப் பிரித்து அனுப்புகிற வேலைக்கு மாற்றவேண்டி வரும் என்று எழுதினார். அவள் என்னைவிடத் திறமான ஆள். கணினி ஒன்று படுத்துவிட்டால் அதன் தலையைத் தடவிக் கேட்பதுபோலக் கேட்டு எழுப்புவாள். அந்த வேலையும் கையை விட்டுப் போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எங்கள் கறுப்புத் திரையில் ஒரு கட்டளைக்கு இன்னொரு பெயரும் கொடுத்து வைக்கலாம். எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் அதே ஆள்தான் வருவார். அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவளுடைய கணினியில் கிரெப்புக்குத் 'தேடு' என்று ஆங்கில எழுத்தில் இன்னொரு பெயரைப் போட்டு வைத்தேன். தலை துவட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்ததும், "புதுசா ஒரு கருவி வந்திருக்கு. தேடு எண்டு அடிச்சுப் பாரும், திறமா இருக்கு" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அவள் துவாயைக் கையில் பிடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓ" என்றாள், அவ்வளவுதான்.

அதைப் பயன்படுத்தினாள். வேலை பழையபடி வேகமாக நடந்தது. மேலாளர் வாயை மூடிக்கொண்டார். நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். இரண்டு கணினியிலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லி, என்னுடையதிலும் அதையே போட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும், எங்கள் நிறுவனத்தின் புதிய வாடிக்கையாளர் ஒருவரின் கணினி படுத்துவிட்டது. மேலாளர் தொலைபேசியில் இருந்தார். என் மனைவியின் திரையில் நடப்பதெல்லாம் அவருக்கும் தெரிந்தது. அவள் தேடு என்று தட்டினாள். அப்படியொரு கட்டளை இல்லை என்றது திரை. மற்றவற்றின் கோப்புகளை எங்கள் கணினிகளுக்கு இறக்கித்தான் தேடுவோம், இதற்குள் நேராகப் போகவேண்டியிருந்தது. நாங்கள் வைத்த பெயர் எங்கள் கணினிகளில்தானே இருக்கிறது, அந்தப் புதியதற்கு எப்படித் தெரியும்? அவள் இன்னொரு தடவை தட்டினாள். இல்லை என்றது. அது என்ன கட்டளை என்று மேலாளர் கேட்டார். அவளுடைய விரல்கள் எழுத்துகளுக்கு மேலே அப்படியே நின்றன.

நான் பாய்ந்து போனேன். அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்றபடி இரண்டு கையையும் நீட்டித் தட்டினேன். தேடிய வரி வந்தது, கோளாறு எங்கே என்று தெரிந்தது, அவள் மிச்சத்தைச் சரிசெய்தாள். மேலாளர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவள் காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரையைச் சுட்டிக் காட்டினாள்.

"அதிலை ஏன் ஓக் போட்டனீங்கள்?"

ஓக் என்பதும் ஒரு கட்டளைதான். கணக்குப் போடுவதற்கும் அட்டவணையின் நிரல்களைப் பிரிப்பதற்கும் உரியது. கோழி கொக்கரிப்பது போன்ற பெயர். அதைச் சுற்றி வளைத்துக் கிரெப்பின் வேலையைச் செய்விக்கலாம். ஆனால் புத்தியுள்ளவன் செய்யமாட்டான்.

"கைப்பழக்கம்" என்றேன்.

"பொய். நாலு எழுத்து அடிக்கிறதை விட்டிட்டு ஒரு முழ நீளத்துக்கு அடிச்சிருக்கிறியள்." அவள் எழும்பி என் மேசைக்குப் போனாள். என் கணினியில் இருந்த தேடுவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "எனக்காண்டித்தான் இதைச் செய்தனீங்கள் எண்டு நினைச்சன். உங்களுக்கும் சேர்த்தே?"

"ஓம், எனக்கும்தான்!" என்று கத்தினேன். வீடு அதிர்ந்திருக்கும். "நான் என்ன கல்லே? எனக்கு மட்டும் அதை அடிக்க ஏலுமே?"

அவள் பயப்படவில்லை. திருப்பிக் கத்தவும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்ப ஏன் சொல்லேல்லை? மூண்டு மாசமா நான் மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். எல்லாரும் அந்தப் பேரைத் துடைச்செறிஞ்சு போட்டினம். நீங்களும் துடைச்சுப்போட்டுப் புதுசா ஒரு பேரைக் கொண்டுவந்து தந்தியள், புதுக்கருவி எண்டு. எனக்கு அந்தப் பேரிலை பயமில்லை. முதல் நாள் அது ஒண்டும் சொல்லாமல் நிண்டது. நான் திரும்பிப் பார்த்தன். நீங்களும் ஒண்டும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தியள். அதைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் போச்சு."

அவள் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நான் சுவரைத்தான் பார்த்திருப்பேன். அவள் உடைந்து போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். சொல்லும்போது அழுதேன்.

கத்தின சத்தம் கேட்டு மாமி குசினியில் இருந்து வந்து வாசலில் நின்றா. கை நிறைய இடியப்ப மா. அதைப் பற்றிக் கதைக்கப்படாது என்று இப்போது ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"நான் விளக்கு வைக்கேக்கை ஒவ்வொரு நாளும் சொல்லுறனான்" என்றா.

"என்னத்தை அம்மா?"

"எங்கடை கிரெப்பரை வடிவா வைச்சிரு எண்டுதான்." மா கையாலேயே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. "வேறை பேர் இல்லையே பிள்ளைக்கு. பிள்ளையாருக்கு உது விளங்குதோ இல்லையோ, எனக்குத் தெரியேல்லை."

என் மனைவி சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது. சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது. மாமி பயந்துபோய் அவளைக் கட்டிப் பிடித்ததில் அவளுடைய சட்டையிலும் மா. நான் கதிரை எதுவும் தேடாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அன்று இடியப்பம் பிந்தித்தான் கிடைத்தது.

சாப்பிட்டு முடித்தபோது அந்தப் புதிய கணினி மறுபடியும் படுத்துவிட்டது. அவள் யன்னலோரத்தில் போய் இருந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"கதிரையை இழுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள்.

இழுத்துக்கொண்டு போய் இருந்தேன். அந்தக் கணினி எழுதிவைத்த பதிவுக் கோப்புகள் ஏழெட்டு இருந்தன. கோளாறு எதில் என்று தெரியாது.

"நீங்கள் அடியுங்கோ."

நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகத்தான் தட்டினேன். தேடவேண்டிய சொல்லை அவள் தட்டி, என்ரரை அழுத்தினாள். கிரெப் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரியில் போய் நின்றது. நாங்கள் இருவரும் அந்த வெறும் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இல்லையாம்" என்றாள் அவள்.

"ஓம்" என்றேன். "இல்லை."

அடுத்த கோப்பைத் திறந்தோம்.